இழுப்பு

முதலில் அவன் அதை எதிரொலி என்றுதான் நினைத்தான். காரின் விசிறி ஒரு தடவை இழுத்தது; சுவருக்கு அந்தப் பக்கம், திறந்த ஜன்னலுக்குள், அண்ணனும் ஒரு தடவை இழுத்தார். தேய்ந்த அச்சில் விசிறி கரகரத்து, தயங்கி, மறுபடி கரகரத்தது. அண்ணனின் நெஞ்சும் கரகரத்து, தயங்கி, மறுபடி கரகரத்தது. இரண்டுக்கும் நடுவே நூல் நுழைய இடமில்லை. தேய்ந்துபோன இரண்டு ஒரே மாதிரி சத்தம் போடுவதில் என்ன அதிசயம் என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டு அவன் எஞ்சினை நிறுத்தினான்.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையைப் பின்னால் மடித்துவிடக்கூடிய பழைய பந்தயக் கார். கல்யாணத்துக்கு முன்பே அண்ணன் வாங்கியது. "எனக்கு முன்னாடியே இவருக்கு ஷெட்டுல ஒரு சம்சாரம் இருந்தா" என்று அண்ணி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். இப்போது அவள் அந்த ஜோக்கைச் சொல்வதில்லை. அண்ணனின் நுரையீரல் முடிந்துபோயிருந்தது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று யாருக்குத்தான் தெரியாது?

"இழுத்துக்கிட்டு இருக்காரா?" என்று உறவுக்காரர்கள் போனில் கேட்டார்கள்.

"ஆமா. காரும் சேர்ந்து இழுத்துக்கிட்டு இருக்கு" என்றான். அழுகை வரவேண்டிய இடத்திலெல்லாம் அவனுக்கு ஜோக்குதான் வரும். பிறவிக் கோளாறு.

அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று. ஏரிக்கரை ரோட்டில், கூரையைத் திறந்துவிட்டு, ஒரு ரவுண்டு. ஆனால் தெருமுனை தாண்டுவதற்குள் கார் கொதித்துவிடும். ரேடியேட்டரின் முதுகில் இருக்கும் இரட்டை விசிறிகளுக்குச் சுற்றத் தெம்பில்லை. அவற்றை மாற்றியாக வேண்டும். மாற்றத் தெரிந்தவர் கட்டிலில் கிடந்தார். மிச்சமிருந்தது இவன். சிறுவயதிலிருந்து அண்ணன் காருக்கடியில் படுத்திருக்க, டார்ச் பிடித்ததுதான் இவனுடைய மொத்த அனுபவம். போல்ட்டில் அடிக்கவேண்டிய வெளிச்சத்தை அண்ணன் கண்ணில் அடித்து அடித்து, பெயரே டார்ச்சு என்று ஆகிவிட்டது.

ஜன்னல் வழியே குரல் வந்தது. "டார்ச்சு... பேட்டரியக் கழட்டினியா?"

"கழட்டிட்டேண்ணே."

"ப்ளஸ்ஸா... மைனஸா?"

"ரெண்டையும். எதுக்கு வம்பு?"

"பயந்தாங்கொள்ளி." ஒரு நீண்ட இழுப்பு. "நல்லவேளை... நீ டாக்டருக்குப் படிக்கல." இன்னொன்று. "புதுசு மாட்டினதும்... முன்னாடி ஒரு பேப்பர வச்சுப் பாரு. ஒட்டிக்கிச்சுன்னா... இழுக்குது. பறந்துச்சுன்னா... வயர மாத்திக் குடுத்திருக்கே."

மதியம் சாய்ந்து மேகம் கட்டியிருந்தது. பேட்டரியின் வயர்கள் தரையில் துணிக்குள் சுருண்டு கிடந்தன. அவன் இடது விசிறியின் போல்ட்டுகளைத் தளர்த்தினான். துரு, பழைய எண்ணெய், ரேடியேட்டர் தண்ணீரின் குமட்டும் இனிப்பு. அந்த மணத்துக்குள் வேறொன்றும் கலந்திருந்தது. இருமல் மருந்தின் மணம். ஜன்னல் பக்கத்தில் இருந்தால் அடிக்காதா என்ன, என்று சொல்லிக்கொண்டான். மேலே தூக்கியபோது விசிறி அவன் கையில் ஒருமுறை, மிக மெதுவாக, தானாகச் சுற்றி நின்றது.

ஜன்னலுக்குள் இழுப்பு பாதியாகக் குறைந்தது.

வலது விசிறியை எடுத்தான்.

இழுப்பே நின்றது.

ஸ்பானர் எங்கே விழுந்தது என்று தெரியாது. உள்ளே ஓடினான். தலையணையில் சாய்ந்து, கழுத்துவரை போர்வையோடு, அண்ணன் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கிற, மாட்டி முடிச்சிட்டியா இல்ல ஏதாவது உடைச்சிட்டு வந்து நிக்கிறியா?"

ஒரே மூச்சில். பல மாதங்களுக்குப் பிறகு, நடுவே திணறாமல், ஒரு முழு வாக்கியம். அண்ணி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பாத்தீங்களா தம்பி? மூச்சே வாங்கல அவருக்கு."

மூச்சு வாங்கவில்லை. சந்தோஷத்தில் அவன் அந்த வார்த்தையை அப்படியே விழுங்கிவிட்டு வெளியே வந்தான்.

புது விசிறிகள் பிளாஸ்டிக் மணத்தோடு வந்து உட்கார்ந்தன. ஒரு போல்ட்டுகூட உருண்டு தொலையவில்லை. அவன் வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை. அண்ணன் சொன்னபடி ஒரு செய்தித்தாள் கிழிசலை எடுத்துக்கொண்டு காரின் முன்னால் மண்டியிட்டான். அந்தக் காலத்துக் காருக்கு முன்பக்கம் ஒரு நீள்வட்டத் திறப்பு உண்டு; பெரிய மீனின் வாயைப் போல. அதன் கம்பிகளுக்கு நேரே பேப்பரைப் பிடித்தான்.

பேப்பர் ஒட்டிக்கொண்டது.

பரவாயில்லையே, என்று சிரிக்கப் போனவன் தரையைப் பார்த்தான். பேட்டரியின் வயர்கள் துணிக்குள் அப்படியே கிடந்தன; மாட்ட மறந்திருந்தான்.

பேப்பர் கம்பியிலிருந்து விலகியது. வெதுவெதுப்பாக ஒரு காற்று அவன் விரல்களில் பட்டது. இருமல் மருந்து மணம். மறுபடி ஒட்டியது. விலகியது. புது விசிறிகளின் இறக்கைகள் அசையவே இல்லை.

சக்கர நாற்காலி உருண்டு வரும் சத்தம் கேட்டது.

"அவரால பொறுக்க முடியலையாம்" என்று அண்ணி சிரித்தாள். இருவருமாக அண்ணனைத் தூக்கி இடப்பக்க இருக்கையில் உட்காரவைத்தார்கள். தூக்கும்போது அவருடைய மார்பு அவன் கன்னத்தில் அழுந்தியது. அது ஏறவில்லை. இறங்கவில்லை. அலமாரிக் கதவு மாதிரி இருந்தது.

"ஏரிக்கரையில காத்து அடிக்கும். சால்வை எடுத்துட்டு வந்துடறேன்" என்று அண்ணி உள்ளே ஓடினாள். அந்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டு அவன் மறுபடி காரின் முன்னால் போய் மண்டியிட்டு, கம்பியில் பேப்பரை வைத்தான்.

"டேய்" என்றார் அண்ணன். கம்பியில் ஒட்டியிருந்த பேப்பர் துடித்தது. "கிளம்பலாம்டா." பேப்பர் பறந்து அவன் மடியில் விழுந்தது.

அண்ணனுக்கும் தெரிந்திருந்தது. காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் பயந்திருந்தன. டார்ச் பிடித்த நாட்களில் ஒருநாளும் அவன் அவற்றில் பயத்தைப் பார்த்ததில்லை.

அவன் பேப்பரை மீண்டும் வைத்தான். ஒட்டியது. நேரம் எடுத்துக்கொண்டு விலகியது. அடுத்தது இன்னும் தாமதமாக. அண்ணனின் உதடுகள் நீலம் பூத்தன.

பேட்டரி. விசிறி சுற்றினால் காற்று வரும். அதற்குத்தானே விசிறி? துணியைப் பிரித்தான், வயர்களை மாட்டினான், சுவிட்சைத் திருகினான். புது விசிறிகள் சத்தமே இல்லாமல், அழகாகச் சுற்றின. பேப்பர் கம்பியில் அறைந்து ஒட்டியது.

விலகவில்லை.

அண்ணனின் வாய் திறந்தது. மார்பு ஏறியது. ஏறிக்கொண்டே போனது. சட்டைப் பொத்தான் தெறித்தது. விசிறிக்கு இழுக்க மட்டும்தான் தெரியும். விட யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன்தான் எல்லாவற்றையும் சரியாக மாட்டியிருந்தான். அண்ணனின் கை கண்ணாடியை அறைந்தது. ஒருமுறை. இன்னொரு முறை.

வயரைப் பிடுங்கி எறிந்தான்.

விசிறிகள் நின்றன. மார்பு தாழ்ந்தது. பேப்பர் நழுவி விழுந்தது. அதன்பிறகு எதுவும் இல்லை. உள்ளே இல்லை. வெளியே இல்லை. கண்கள் மட்டும் அவனையே பார்த்தன.

அவன் மண்டியிட்டான். காரின் அந்த வாயில் தன் வாயை வைத்தான். துருவின் ருசி. ஊதினான்.

கண்ணாடிக்குப் பின்னால் அண்ணனின் மார்பு ஏறியது.

காத்திருந்தான். வெதுவெதுப்பாக, கசப்பாக, அவன் வாய்க்குள்ளேயே அது திரும்பி வந்தது. மறுபடி ஊதினான். ஏறியது. அண்ணனின் உதட்டில் நீலம் லேசாக விலகியது. நிறுத்திப் பார்த்தான். உடனே நீலம். ஊதினான். கம்பி உதட்டைக் கிழித்தது. ஊதினான்.

வாசலில் அண்ணியின் செருப்புச் சத்தம். சால்வையை உதறும் சத்தம்.

"தம்பி, இன்னுமா கிளம்பல? இருட்டறதுக்குள்ள ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடுங்க."

அவன் வாயை எடுக்கவில்லை.

"தம்பி? உங்களைத்தான். முன்னாடி அங்க என்ன பண்றீங்க?"