ஏழாம் துண்டின் கரிச்சான்கள்

பறவைச் சத்தங்களுக்கு நடுவே அந்த விசில் மூன்றாவது தடவை கேட்டதும் அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். சாயங்காலம் நாலு மணி. ஆய்வுக்கூடத்தில் ஈர பூட்ஸ் வாசனையும் ஆறிப்போன டீ வாசனையும் கலந்து கிடந்தன, மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. சாவியை எப்போதும் மறந்துவிட்டு வாசலில் நின்று அவள் புருஷன் அடிக்கிற விசில் அது. அவன் வீட்டை விட்டுப் போய் எட்டு மாசமாகிறது.

அழிந்த காட்டை மறுபடி வளர்த்தால் போன உயிர்கள் திரும்பி வருமா என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. கைவிடப்பட்ட பழைய தோட்டம் ஒன்றைப் பன்னிரண்டு துண்டாகப் பிரித்துக் கன்று நட்டு, மரங்களில் ரெக்கார்டர் கட்டியிருந்தாள். பதிவான சத்தமெல்லாம் தினமும் சாயங்காலம் சிக்னல் வழியே அவள் கணினியில் வந்து விழும். ஏழாம் துண்டு மட்டும் தனி. பேட்டரி மாற்ற அவள் போவதைத் தவிர ஒரு வருஷத்துக்கு மனுஷக் கால் அங்கே படக்கூடாது.

அந்தப் பேட்டரியால்தான் சண்டையே. "பத்து நாளைக்கு ஒருக்க ஓடுற. உன் காட்டையே கட்டிக்கிட்டு அழு" என்று கத்தினான் மெக்கானிக்கான அவள் புருஷன். அவளும் சும்மா இருந்தாளா? வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினாள். விடிந்தபோது ஆளைக் காணோம், போன் கட்டிலில் கிடந்தது. கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். பாவி, அவளும் நம்பினாள். மூன்றாம் நாள் வீம்பை விட்டுக் காட்டுப் பாதையில் நின்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. தூறல் வலுத்தது, திரும்பிவிட்டாள்.

"ஏழாம் துண்டுல பதிவானது, இதக் கொஞ்சம் கேளுடி" என்று பக்கத்து மேசைக்காரியிடம் ஹெட்போனை நீட்டினாள். தவளைகளை ஆராய்கிறவள், அதனால் எல்லோருக்கும் அவள் தவளைக்காரி.

"கரிச்சான் குருவி! குஞ்சு பொரிக்கிற பருவம் வந்தா, கேட்டதையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லும். யாரோ அங்க விசில் அடிச்சிருக்காங்க."

"ஒரு தடவை கேட்டாலே பழகிடுமா?"

"சேச்சே. திரும்பத் திரும்பக் கேட்டிருக்கும்."

அவள் அடுத்த பதிவைத் தட்டினாள். கம்பியில் உரசினாற்போல மெல்லிய பறவைக் குரல். ஆனால் அவன் குரல்.

"வாலு... இங்கதான் இருக்கேன்."

அவளை வாலு என்று கூப்பிட உலகத்தில் ஒருத்தன்தான் உண்டு.

பறவை கற்றுக்கொண்டதென்றால் அவன் அங்கே பேசியிருக்க வேண்டும். ரெக்கார்டரில் அது எங்கே? அப்போதுதான் உறைத்தது. வேலையாட்கள் பேச்சு பறவைக் கணக்கைக் கெடுக்கிறதென்று, மனுஷக் குரலை மட்டும் தனியே ஒதுக்கும்படி அவளே மென்பொருளில் அமைத்திருந்தாள். 'கழிவு' என்று பெயர் வைத்த அந்தக் கோப்புறையை ஒருநாளும் திறந்ததில்லை.

திறந்தாள். அவன் காணாமல் போன தேதி.

"வாலு, சோலார் மாட்டியாச்சு. இனிமே நீ அலைய வேண்டாம், சரியா?" சிரிப்பு. காலடிகள். மளமளவென்று ஏதோ முறிகிற சத்தம்.

அன்றிலிருந்து ஏழாம் துண்டின் பேட்டரி குறையவே இல்லை. ஆராய்ச்சிக் கைடு ஏதோ ஏற்பாடு செய்திருப்பார் என்று நினைத்து அங்கே போவதையே விட்டிருந்தாள்.

அடுத்தது. அடியிலிருந்து வந்தது குரல். "பழைய கிணறுடி. பெரணிச் செடி மூடிக் கெடந்துச்சு. கால் ஒடிஞ்சிருச்சு. நீதான் தினமும் கேப்பியே. சாயங்காலம் வந்துருவ."

அடுத்தது. விசில். விசில். விசில்.

மூன்றாம் நாள். தூரத்தில் அவள் குரலே, திரும்பத் திரும்ப. "டேய், எங்கடா இருக்க?" உடனே அவன், தொண்டை கிழிய, "இங்கதான்! வாலு, இங்கதான் இருக்கேன்!"

நாலாம் நாள் காலையில் மூச்சு மட்டும். பிறகு மழை.

எப்படி ஓடினாளென்று அவளுக்கே தெரியாது. பின்னால் தவளைக்காரி போனில் யாரையோ அழைத்துக் கத்திக்கொண்டே வந்தாள். ஏழாம் துண்டு. மஞ்சள் வெயில். ஆரம்பத்தில் அவளுக்காக அவன் குழிவெட்டி நட்ட கன்றுகள் தலைக்கு மேல் வளர்ந்திருந்தன. ஈர மண் வாசனை. மரத்தில் சோலார் தகடு. கீழே பெரணிப் புதர், நடுவில் ஓர் ஆள் விழுகிற அளவுக்குக் கறுப்பு.

முட்டி போட்டாள். "டேய்..." என்று கறுப்புக்குள் குனிந்தாள்.

மேலே கிளையில் இரண்டு கரிச்சான்கள். இந்த வருஷக் குஞ்சுகள். இரண்டு பேர் குரலையும் நேரில் கேட்டிராதவை, தாய்ப் பறவைகளிடம் கற்றவை.

ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு அவள் குரலில் கேட்டது. "டேய், எங்கடா இருக்க?"

மற்றது சட்டென்று சொன்னது. "இங்கதான் வாலு. இங்கதான் இருக்கேன்."

பக்கத்து மரத்திலும் கேட்டது. அதற்கடுத்த மரத்திலும். காடு முழுக்க அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், அவன் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.