முஃபீதா போட்ட நிபந்தனை

"எனக்கு இந்தப் போன் வேண்டாம்" என்றாள் முஃபீதா.

ஷார்ஜாவில் இருந்த வாப்பாவுக்கு அது சரியாகக் கேட்கவில்லை போலும். வீடியோவில் பாதி அவருடைய நெற்றியும் பாதி மின்விசிறியுமாகத் தெரிந்தது.

"என்ன சொல்லுதா?" என்று உம்மாவிடம் கேட்டார்.

"போன் வேண்டாமாம். அது வீட்டுக்கு வந்து ரெண்டு நாள்கூட ஆகல."

வாப்பா சிராஜுதீன் ஷார்ஜாவில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கிறார். ஊருக்குக் கிளம்பிய நண்பர் ஒருவரிடம் காயல்பட்டினத்துக்கு இரண்டு போன்களைக் கொடுத்து அனுப்பியிருந்தார். ஒன்று ஏழாம் வகுப்புப் படிக்கும் முஃபீதாவுக்கு. இன்னொன்று ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அவள் தம்பி ஆதிலுக்கு. இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு.

ஆனால் முஃபீதாவின் போனுக்குள் மட்டும் ஒரு பூட்டு இருந்தது. வாப்பா ஷார்ஜாவில் உட்கார்ந்தபடியே திறந்து மூடுகிற பூட்டு. இரவு எட்டு மணி ஆனால் திரை அணைந்துவிடும். புதிதாக எந்தச் செயலியை இறக்குவதென்றாலும் வாப்பா அனுமதி கொடுக்க வேண்டும். முந்தின நாள் காலையில் அவள் ஓர் அகராதிக்கு அனுமதி கேட்டாள். அப்போது வாப்பா அரிசி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். அனுமதி வந்தபோது முஃபீதாவும் தூங்கிவிட்டாள், போனும் தூங்கிவிட்டது.

ஆதிலின் போனில் எந்தப் பூட்டும் இல்லை.

"பூட்டு இருந்தா இருக்கட்டும் வாப்பா. எட்டு மணிக்கு அணைஞ்சா அணையட்டும். எனக்கு மட்டும் ஏன்?"

"நீ பொம்பளப் பிள்ளை. உலகம் கெட்டுக் கிடக்கு. உன் நல்லதுக்குத்தான் மவளே."

"அப்போ ஆதிலுக்கு நல்லது வேண்டாமா?"

வாப்பாவின் நெற்றி திரையிலிருந்து நகர்ந்தது. அவருடைய மின்விசிறி மட்டும் சுற்றியது.

"அவன் ஆம்பளப் பிள்ளைல்லா" என்றார் உம்மா.

"என்னைவிட ரெண்டு வயசு சின்னவன் உம்மா. போன வாரம் செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனான்."

"அது அவசரத்துல!" என்று உள்ளேயிருந்து ஆதில் கத்தினான்.

முஃபீதா போனை அதன் பெட்டிக்குள் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பெட்டியை அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டு இறங்கினாள்.

"ரெண்டு போனுக்கும் ஒரே சட்டம் வரட்டும். அதுவரைக்கும் நான் அதைத் தொட மாட்டேன்."

ஒரு நாள் தாங்கினால் அதிசயம் என்று உம்மா நினைத்தார். ஆதிலும் அப்படித்தான் நினைத்தான்.

வகுப்பு ஆசிரியர் வீட்டுப்பாடத்தைப் போனில்தான் அனுப்புவார்; அவரிடம் இப்போது இருந்தது முஃபீதாவின் புது எண். அதனால் மாலையானால் முஃபீதா முடுக்கு வழியாகத் தோழி நஃபீஸத்தின் வீட்டுக்கு நடந்தாள். பெண்கள் போய்வர வீடுகளுக்கு நடுவே விட்டிருக்கும் சந்துதான் முடுக்கு. ஒருநாள் மழை பெய்து, அங்கே கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது அவளிடமிருந்து சொட்டிய தண்ணீர் வாசலில் ஒரு சிறிய குளமாகத் தேங்கியது.

"இங்கன ஒரு போன் சும்மா கிடக்கு. நீ ஏன் புள்ள இப்படி நனைஞ்சிட்டு வார?" என்றார் உம்மா.

"சும்மா கிடக்கட்டும் உம்மா. பாவம், அதுக்கும் ஓய்வு வேணும்."

உண்மையில் அன்றைக்கு அவளுக்கு ஆசை வந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து நாற்காலியில் ஏறினாள். பெட்டியைப் பார்த்தாள். பிறகு பைய இறங்கி, நாற்காலியைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள்.

வாப்பா உம்மாவின் போனுக்குக் குரல்செய்தி அனுப்பினார். "இவ்வளவு பிடிவாதம் நல்லதில்லை மவளே."

அதிலேயே முஃபீதா பதில் சொன்னாள். "நான் கேட்டது ஒரு கேள்வி வாப்பா. அதுக்கு இன்னும் பதில் வரல."

வெள்ளிக்கிழமை மாலை உம்மா வாடா சுட்டார். உள்ளே இறால் வைத்துப் பொரித்த வாடா என்றால் ஆதிலுக்கு உயிர். அடுப்படியிலேயே நின்று இரண்டைத் தின்றுவிட்டுத்தான் தட்டில் வாங்குவான். அன்று அவன் அடுப்படிப் பக்கமே வரவில்லை.

"எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, போனோடு மொட்டைமாடிக்குப் போய்விட்டான்.

முஃபீதா இரண்டு வாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவன் குந்தி உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் போனைச் சட்டைக்குள் ஒளித்தான்.

"ஏலே, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"வாடா வேண்டாம்னு சொன்ன. ஒண்ணுமில்லையா?"

ஆதில் அடக்க முடியாமல் அழுதான்.

போன் வந்த நாளிலிருந்து அவன் ஒரு சண்டை விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தான். அதில் ஒருவன் பழக்கமானான். 'புயல்' என்று பெயர் வைத்திருந்தான். ஒன்பதாம் வகுப்புப் படிப்பதாகச் சொன்னான். ஜெயிக்கிற வித்தையெல்லாம் கற்றுக்கொடுத்தான். பிறகு, "உன் படம் ஒன்று அனுப்பு" என்று கேட்டான். ஆதில் சீருடையோடு வீட்டு வாசலில் நின்று படம் எடுத்து அனுப்பினான். சட்டையில் பள்ளிக்கூடத்தின் பெயர் பளிச்சென்று தெரிந்தது.

இன்று வந்த செய்தியை முஃபீதா வாங்கிப் படித்தாள்.

"எல்லோரும் தூங்கிய பிறகு வீடியோவில் வா. யாரிடமும் சொல்லாதே. வரவில்லை என்றால் உன் படத்தை அசிங்கமாக மாற்றி உன் பள்ளிக்கூடத்துக்கே அனுப்புவேன்."

முஃபீதா அதை இன்னொரு தடவை படித்தாள். 'உனக்கும் பூட்டு வேணும்னு அன்னைக்கே சொன்னேன்லா' என்ற சொல் தொண்டைவரை வந்தது. தம்பியின் மூக்கு ஒழுகிய முகத்தைப் பார்த்தாள். சொல்லை விழுங்கிவிட்டாள்.

"உம்மாகிட்ட சொல்லாதே ராத்தா. அடிப்பாங்க. போனையும் பிடுங்கிருவாங்க. நான் எல்லாத்தையும் அழிச்சிருதேன்."

"அழிக்காதே! அவன் எழுதினது எல்லாம் அப்படியே இருக்கட்டும். நாளைக்கு அவன் இல்லைன்னு சொன்னா நாம எதைக் காட்டுறது? அவனுக்குப் பதிலும் போடாதே. எந்திரி."

"எங்க?"

"கீழே. நானும் வாரேன்ல்லா."

உம்மா எண்ணெய்ச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்.

"உம்மா, ஒரு விஷயம் சொல்லணும். அதுக்கு முன்னாடி ரெண்டு நிபந்தனை."

"நிபந்தனையா? எனக்கா?"

"ஆதிலை அடிக்கக் கூடாது. அவன் போனைப் பிடுங்கக் கூடாது. வாக்குக் கொடுத்தாத்தான் சொல்லுவேன்."

உம்மா அவளை முறைத்தார். அவள் முதுகுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்த மகனையும் பார்த்தார். "சரி. சொல்லு."

முஃபீதா காட்டிய செய்தியைப் படித்து முடித்ததும் உம்மாவின் முகம் வெளுத்தது. கை தானாக மேலே எழும்பியது. முஃபீதா நகராமல் நடுவில் நின்றாள்.

"உம்மா, வாக்கு."

மேலே போன கை அங்கேயே நின்றது. பிறகு கீழே இறங்கி, ஆதிலின் தலையைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டது.

உடனே வாப்பாவைக் கூப்பிட்டார்கள். பின்னால் மசாலாப் பொட்டலங்கள் அடுக்கியிருந்த கடைக்குள் வாப்பா நின்றார். கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்தது.

"ரெண்டு போனையும் பிடுங்கிப் பூட்டி வை! இனிமே இந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் போனே கிடையாது!"

உம்மா கையை நீட்டினார். முஃபீதா ஆதிலின் போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"தர மாட்டேன்."

"முஃபீதா!" வாப்பாவின் சத்தத்தில் போனே அதிர்ந்தது.

"தர மாட்டேன் வாப்பா. பயந்து பயந்து இன்னைக்கு ஒரு வழியா வாயைத் திறந்து சொல்லிட்டான். சொன்னதுக்குப் போனைப் பிடுங்கினா, அடுத்த தடவை சொல்லுவானா? மறைப்பான். நானா இருந்தாலும் மறைப்பேன். அப்போ உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. துடைக்கவும் கை காலியாக இல்லை. ஆனாலும் நிறுத்தவில்லை.

"பூட்டு பொம்பளப் பிள்ளைக்குத்தான்னு சொன்னீங்க. அந்த ஆள், பிள்ளை ஆணா பொண்ணான்னு பார்த்தா வந்தான்?"

கடையில் யாரோ வாப்பாவிடம் பால் பவுடர் கேட்டார்கள். வாப்பா திரும்பவில்லை. மறுபடியும் கேட்டார்கள். அப்போதும் திரும்பவில்லை. ஓர் அரிசி மூட்டையின்மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நீ கேட்டது சரிதான் மவளே. நான்தான் யோசிக்கல" என்றார். "இப்போ என்ன செய்யலாம்? நீயே சொல்லு."

அதை முஃபீதா எதிர்பார்க்கவே இல்லை.

"பள்ளிக்கூடச் சுவர்ல 1098-னு எழுதியிருக்கு. பிள்ளைகளுக்கு ஆபத்துன்னா கூப்பிடலாம்னு டீச்சர் சொன்னாங்க. உம்மா, அதுல பேசுங்க. அப்புறம்..." அவள் ஆதிலைப் பார்த்தாள். "படத்தைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன்னுதானே மிரட்டுறான்? அவனுக்கு முன்னாடி நாமளே போய்ச் சொல்லிருவோம். அப்புறம் எதை வச்சு மிரட்டுவான்?"

1098-இல் பேசிய அக்கா உம்மாவிடமும் ஆதிலிடமும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். செய்திகளைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, 'புயல்' என்பவனைத் தடைசெய்யச் சொன்னார். காவல்துறையில் புகார் கொடுக்கும் வழியையும் விளக்கினார். மறுநாள் உம்மா புகார் கொடுத்தார். திங்கள்கிழமை மூவருமாகத் தலைமை ஆசிரியையைப் பார்த்தார்கள்.

அவர் முழுவதையும் கேட்டுவிட்டு ஆதிலிடம் சொன்னார். "படம் வந்தா வரட்டும்லே. நேரா போலீசுக்குத்தான் போகும். நீ போய்க் கணக்குப் பாடத்தைப் பாரு. அதுதான் எனக்குப் பெரிய கவலை."

படம் வரவில்லை. ஆதில் அன்று மாலை நான்கு வாடா தின்றான்.

வாப்பாவுக்குக் கடையில் வார விடுமுறை கிடைத்த அன்றே வீட்டில் கூட்டம் நடந்தது. வாப்பா வீடியோவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு போன்களும் பாயில் அருகருகே கிடந்தன.

விளையாட்டில் முகம் தெரியாத யாரும் செய்தி அனுப்ப முடியாதபடி அடைத்தார்கள். இரண்டு போனிலும்தான். புதுச் செயலிக்கு இனி உம்மாவே அனுமதி தரலாம் என்று ஆனது. "உங்க வாப்பா அரிசி இறக்கி முடிக்கிறதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிரும்" என்றார் உம்மா. போன் அணையும் நேரம் ஆதிலுக்கு எட்டு, முஃபீதாவுக்கு எட்டரை.

"அவளுக்கு மட்டும் ஏன் அரைமணி கூட?" என்று ஆதில் குதித்தான்.

"ஏழாம் வகுப்புக்கு வா. உனக்கும் எட்டரைதான்" என்றார் வாப்பா.

முஃபீதா இன்னும் தன் போனை எடுக்கவில்லை. "வாப்பா, நாங்க எழுதுறதை நீங்க அங்கிருந்து படிக்க முடியுமா?"

வாப்பா தயங்கினார். "முடியும். அதுக்கும் ஒரு வசதி இருக்கு."

"அதை அணைச்சிருங்க. நஃபீஸத் எனக்குச் சொல்லுதது எனக்கு மட்டும்தான்."

"தூரத்துல கிடக்கேன் மவளே. பயமா இருக்குல்லா."

"பயமா இருந்தா என்னைக் கூப்பிட்டுக் கேளுங்க. நான் சொல்லுவேன்."

வாப்பா திரையில் எதையோ அழுத்தினார். "அணைச்சாச்சு" என்றார். முஃபீதா குனிந்து தன் போனை எடுத்துக்கொண்டாள்.

அன்றிரவு எட்டு மணிக்கு ஆதிலின் போன் அணைந்தது. ஜெயிக்கப்போகிற நேரம்! அவன் போட்ட கூச்சல் பக்கத்து வீடுவரை கேட்டது. முஃபீதா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதை அப்படியே நஃபீஸத்துக்கு எழுத உட்கார்ந்தாள். கதை நல்ல சுவையான கட்டத்துக்கு வந்தபோது மணி எட்டரை. அவள் கையிலிருந்த திரையும் கறுத்துப்போனது.

போர்வைக்குள்ளிருந்து 'க்ளுக்' என்று ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

முஃபீதா தலையணையை எடுத்து, நன்றாகக் குறிபார்த்து வீசினாள்.