வேலியோரக் கடி

எப்போதோ ஆறிப்போன தழும்பு அன்று சாயங்காலம் அரித்தது. பாவாயி கெண்டைக்காலைச் சொறிந்தாள். அரிப்பு தோலில் இல்லை; உள்ளே, எலும்பை ஒட்டி, எறும்புச் சாரை போல மேலே ஊர்ந்தது.

மலைமேல் குண்டூர் நாட்டில் எந்த வீட்டு உலையில் என்ன வேகிறது என்பது வீட்டுக்காரிக்கு முன்பே பாவாயிக்குத் தெரிந்துவிடும். அந்த வாய்க்குப் பூட்டு ஏது? இந்தத் தழும்பின் கதைக்கு மட்டும்தான் பூட்டு. போன மிளகு பறிப்பு நேரத்தில், பக்கத்து வீட்டு இருசாயி புருசனோடு போட்ட சண்டையை ஒட்டுக் கேட்க வேலியோரம் குந்தியிருந்தாள். வாசலில் விளையாடிய இருசாயி மகள் சுமித்ராவின் மணிக்கட்டைப் பதம் பார்த்த ஒரு தெருநாய்க்குட்டி, அப்படியே வந்து இவள் காலையும் கவ்வியது. குழந்தைக்குப் பல் லேசாகத்தான் பட்டது; அதன் அழுகை சண்டைச் சத்தத்தில் அமுங்கிப்போனது. பார்த்தது பாவாயி மட்டும். வெளியே சொன்னால், அங்கே உனக்கென்ன வேலை என்று கேட்பார்களே. மிளகுப் பொடியை அப்பிக்கொண்டு, கம்பி கீறிவிட்டதாகப் புருசன் அண்ணாமலையிடம் சொல்லிவிட்டாள். சில நாளில் குட்டி மிளகுக்கொடியடியில் செத்துக் கிடந்தது. அதையும் அவளே புதைத்தாள்.

போன மாதம்தான் நர்ஸ் தேன்மொழி சொன்னாள்: "நாய்க்கடி விஷம் நரம்பைப் புடிச்சு மூளைக்கு ஏறுமுங்க, நம்ம மலை ரோட்டுல லோடு லாரி ஏறுறாப்புல. வழியில இருக்கறப்பவே ஊசி போட்டுரணும். உச்சிக்குப் போயிட்டா மறிக்க முடியாதுங்க."

"ஆறுன புண்ணுக்குமா, சாமி?"

"யாருக்குங்கக்கா?"

"சும்மா கேட்டேன்."

வெளியே மூடுபனி இறங்கி, ஈர மண்ணும் மரவள்ளிக் கிழங்கு வேகும் வாசமும் கலந்து, தகரக் கூரையில் எங்கோ ஒரு சொட்டு, பிறகு இன்னொரு சொட்டு என்று விழ, ஒவ்வொரு சொட்டுக்கும் அவள் தொண்டைக்குள் ஏதோ சுருங்கி விரிந்தது. அண்ணாமலை கதவைத் திறந்தான். காற்று முகத்தில் பட்டது. மூச்சு அடைத்தது.

"இந்தா புள்ள, தண்ணியக் குடி. மூஞ்சியெல்லாம் வேர்க்குது பாரு."

தாகம். அப்படி ஒரு தாகம். டம்ளரில் தண்ணீர் தளும்பியது. உதட்டுக்கு வருமுன் தொண்டை இறுகியது. கை தானாக உதறியது. டம்ளர் உருண்டது.

லாரி உச்சிக்கு வந்துவிட்டது.

சத்தம் கேட்டு இருசாயி தன் மகளோடு ஓடிவந்தாள். "ஏனக்கா, ஊர்ச் சேதி தீந்து போச்சா? ஊமையாட்டம் நிக்கிறே?"

குழந்தை. ஊசி. இப்போதே.

வாயைத் திறந்தாள். எச்சில் வழிந்தது. சொல் வரவில்லை. விரலால் சுமித்ராவைக் காட்டினாள். மறுபடியும் காட்டினாள்.

"பெரியம்மா ஆசையாக் கூப்புடுது. போ கண்ணு."

சுமித்ரா நகரவில்லை. நிலைப்படியில் நின்று மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"அரிக்குதும்மா."

"கொசுக்கடியா இருக்கும், சாமி."

குழந்தையின் நகம் மணிக்கட்டிலிருந்து மெல்ல முழங்கைக்கு ஏறியது.