சுவரில் நாற்பத்தாறு

மாலை 3.40. பனிச்சறுக்குக் கழகத்தின் மெழுகு அறையில் ஸ்டியான் குப்புறக் கிடந்தான். மண்டை பிளந்திருந்தது. சறுக்குக் கட்டைகளுக்கு மெழுகு தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி பக்கத்தில் கிடந்தது. அதில் ரத்தமும் முடியும் கருகி நாறின. மூச்சு மட்டும் இருந்தது.

அடித்தவனைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஐவின் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான். அவனைப் பிரிந்த மனைவி யூருன், இப்போது ஸ்டியானோடு வாழ்கிறாள்.

"எம் பொண்ணுக்கு விஷம் வச்சான். அடிச்சேன். எழுதிக்க, குன்வோர்."

இன்ஸ்பெக்டர் குன்வோர் எழுதவில்லை. "விஷம்னு எப்படித் தெரியும்?"

"காலையில ஸ்கூல் நர்ஸ், எம் பொண்ணு தீரிலோட நாடியப் பாத்தா. நாப்பத்தி நாலு. எட்டு வயசுப் புள்ளைக்கு! இதய மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறாளான்னு கேட்டா. ஸ்டியானோட கோட்டுப் பையத் துழாவுனேன். நாடியக் குறைக்கிற மாத்திரை இருந்துச்சு."

4.30. மருத்துவமனை. தீரில் கட்டிலில் காலாட்டியபடி பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள்.

"தலை சுத்துச்சா?" குன்வோர் கேட்டாள்.

"இல்ல."

"மயக்கம்?"

"இல்லன்னு சொல்றேன்ல. மூணு மாடியும் ஓடித்தான் வந்தேன். அம்மாவுக்குத்தான் மூச்சு வாங்குச்சு."

யூருன் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். "அழுதா கண்ணீர் கூட வராது. பத்து வருஷமாக் காய்ஞ்சு கெடக்கு."

6.10. காவல் நிலையம். குன்வோர் ஐவின் முன்னால் மேசையில் ஒரு புகைப்படத்தை வைத்தாள். மெழுகு அறைச் சுவர்ப் பலகை: பிள்ளைகளின் காலை நாடிக் கணக்கு. தீரில், 46. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

"யாரு எழுதுனது?"

"நான்தான். பெரிய வீரங்களுக்குத்தான் அப்படி மெதுவா அடிக்கும், அது சாம்பியன் நாடி! எல்லாரும் கைதட்டுனாங்க."

"ஸ்டியான் ஊருக்கு வந்தது?"

"போன இலையுதிர் காலம்..." ஐவின் நிறுத்தினான்.

"தீரில் ரத்தத்துல மருந்தே இல்ல. மாத்திரை ஸ்டியானோட ரத்தக் கொதிப்புக்கு. அவ இதயத்துல மேலறையோட மின்துடிப்பு கீழறைக்குப் போறதில்ல, அதான் நாடி மெதுவா அடிக்குது. பொறக்கும்போதே இந்தத் தடை இருந்திருக்கும்கிறார் டாக்டர். யூருன் கண்ணைக் காயவைக்கிற அதே கோளாறு, புள்ள வயித்துல இருந்தப்பவே அது இதயத்தையும் தொட்டிருக்கலாமாம். சோதிக்க யூருனுக்கும் ரத்தம் எடுத்திருக்காங்க."

"பொழைச்சுக்குவாளா?"

"நல்லாவே இருப்பா. இருபத்திநாலு மணி நேரம் துடிப்பைப் பதிவு பண்றாங்க. துடிப்புக்கு நடுவுல இடைவெளி நீண்டா பேஸ்மேக்கர் வைப்பாங்க. இல்லன்னா தவறாம சோதனை. அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டியிருந்தா..."

தொலைபேசி அடித்தது. குன்வோர் கேட்டாள், வைத்தாள்.

"ஸ்டியான் செத்துட்டான். இப்ப எழுதிக்கிறேன், ஐவின்."

அவன் படத்திலிருந்து கண்ணெடுக்கவில்லை. நாற்பத்தாறுக்குப் பக்கத்தில் அவன் சிவப்பில் வரைந்த நட்சத்திரம், எண்ணை விடப் பெரிதாக இருந்தது.