உள்பக்கம் தேய்ந்த கீல்

கீல் தேய்ந்திருந்த பக்கம் தவறாக இருந்தது.

டிக்கி மூடியை வருஷக்கணக்கில் சுமந்த கீலில் ஆணி ஓட்டை கீழ்ப்பக்கம்தான் நீளும். குச்சி அப்படி எத்தனையோ கீல்களைக் கழற்றிப் போட்டிருக்கிறாள். இந்தப் பழைய காரின் இரண்டு கீல்களிலும் ஓட்டை உட்பக்கமாக நீண்டிருந்தது. டிக்கிக்குள் இருந்தபடியே யாரோ மூடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்ததுபோல.

"அக்கா, இதைப் பாரேன்."

அக்கா வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு பார்வை பார்த்தாள். "கிழட்டு வண்டி. எங்க தேயணும்னு அதுக்கே மறந்திருக்கும். நீ புதுசை மாட்டு."

குச்சி மறுபடி கீலின் பக்கம் குனிந்தாள். அந்த ஷெட்டில் பேச்சு அக்காவின் வேலை. வாடிக்கையாளரோடு மல்லுக்கு நிற்பது, சிரித்து மழுப்புவது, நெருப்பைக் கையாள்வது எல்லாம் அவள்தான். தங்கைக்கு ஒல்லி உடம்பு. பெயரும் அதனால்தான் வந்தது. அக்காவின் தோள் நுழையாத இடங்களில் அவள் நுழைவாள், வேலையை முடிப்பாள், வெளியே வருவாள். ஆள் இருப்பதே தெரியாது.

கார் கட்டடச் சொந்தக்காரருடையது. ஷெட்டும் அவருடையதுதான். காலையில் வண்டியை விட்டுப் போகும்போது சாவியை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "மூடி தானா நிக்கணும். சாயங்காலம் வந்து பார்ப்பேன். நின்னா ஷெட்டு உங்ககிட்டயே இருக்கட்டும். நிக்கலேன்னா, எதிர்ல இருக்கிறவர் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கார்."

அந்த எதிர் ஷெட்டுக்காரர் மதியத்திலிருந்து குடையோடு தன் வாசலில்தான் நின்றிருந்தார். மழை வலுத்தும் உள்ளே போகவில்லை.

"என்னம்மா, மூடி நின்னுச்சா? இல்ல, ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பிடிச்சுக்கிட்டு நிக்கப்போறீங்களா?"

"நீங்க வந்து பிடிங்க," என்றாள் அக்கா. "சும்மாதானே நிக்கிறீங்க."

அவர் சிரித்தார். மழை தகரக் கூரையில் கொட்டிய சத்தத்தில் அந்தச் சிரிப்பு பாதிதான் வந்து சேர்ந்தது.

குச்சி தலையை டிக்கிக்குள் நுழைத்துப் பழைய ஆணிகளைத் தட்டி எடுத்தாள். பழைய டிக்கிகளில் ஒரு வாசனை இருக்கும்; பெட்ரோலும் துருவும் நனைந்து காய்ந்த சாக்கும் கலந்தது. இதில் அது இல்லை. போர்வைக்குள் தலையோடு மூடிப் படுத்திருந்தவர் விட்ட மூச்சுபோல வெதுவெதுப்பான, கொஞ்சம் புளித்த ஒரு வாசனை, மழைக் காற்று அவ்வளவு வீசியும் கலையாமல் அங்கேயே நின்றது. மூடியின் உள்விளிம்பில், சரியாக நடுவில், நான்கு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் போய்த் தகரம் பளபளத்தது, அடிக்கடி பிடிக்கும் கதவுக் கைப்பிடிபோல. வெளிவிளிம்பில் அப்படி ஒரு தேய்மானமும் இல்லை. இன்னொன்றும் இருந்தது. டிக்கி காலி. ஆனாலும் வண்டியின் பின்பக்கம் மூட்டை ஏற்றியதுபோலத் தாழ்ந்து கிடந்தது.

"ஸ்பிரிங் பட்டை செத்துப்போச்சு," என்றாள் அக்கா. "அது வேற வேலை. நம்மகிட்ட சொன்னது மூடி மட்டும்தான்."

கீல் உட்காரும் இடத்தில் அக்கா புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தாள். குச்சி புதுக் கீல்களை மாட்டி, பழைய சுருள்கம்பிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரு பக்கமும் கேஸ் அடைத்த தண்டுகளைப் பொருத்தினாள். அந்தத் தண்டு இருந்தால் பூட்டை விடுவித்தவுடன் மூடி தானாகவே எழும்பி நிற்கும். குழந்தைகூடத் திறக்கலாம்.

விடுவித்தார்கள். எழும்பவில்லை.

அக்கா விளிம்பில் கைவைத்துத் தூக்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது. சட்டென்று மூடி லேசாகி மேலே போனது. பிடித்திருந்த கை விட்டதுபோல.

"புதுத் தண்டு. இறுக்கமா இருக்கு," என்றாள் அக்கா. அவள் குரலில் எப்போதும் இருக்கும் சிரிப்பு இல்லை.

விளிம்பைச் சுற்றிப் புது ரப்பரும் போட்டாயிற்று. இனி மூடி சரியாக உட்கார்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குச்சி டிக்கிக்குள் படுத்துக்கொள்வாள். அக்கா வெளியிலிருந்து மூடிப் பூட்டுவாள். எங்கே வெளிச்சம் கசிகிறது என்று உள்ளே இருப்பவளுக்குத்தான் தெரியும். கத்தினாலும் கேட்காது என்பதால் தட்டிச் சொல்வாள். ஒரு தட்டு என்றால் இடப்பக்கம் வெளிச்சம் தெரிகிறது, அடித்து உட்கார வை. இரண்டு தட்டு, வலப்பக்கம். மூன்று என்றால் போதும், திற.

குச்சி டார்ச் தேடப் போயிருந்தாள். அக்கா மூடியைச் சாத்தி, வெளிப்புறம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டக்.

ஒரு தட்டு.

அக்கா பழக்க தோஷத்தில் மரச் சுத்தியலை எடுத்து இடப்பக்க விளிம்பில் துணி வைத்து ஒரு அடி அடித்தாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள். குச்சி மேஜைக்கு அருகில், கையில் டார்ச்சோடு நின்றிருந்தாள்.

இருவரும் மூடியைப் பார்த்தார்கள். இடப்பக்கம் உண்மையிலேயே கொஞ்சம் தூக்கித்தான் இருந்தது.

"வண்டியைத் திருப்பிக் கொடுத்துடலாம்," என்றாள் அக்கா.

"ஷெட்டு?"

"போனாப் போகுது. உயிர் இருந்தா வேற இடம் பார்த்துக்கலாம். வா, வெளிய போயிடலாம்."

குச்சிக்குக் கோபம் சூடாக எழுந்தது. பள்ளிக்கூடத்தில், கல்யாண வீடுகளில், இந்தத் தெருவில், யார் முறைத்தாலும் ஒதுங்கி வழிவிட்டவள் அவள். அவள் ஒதுங்காமல் நிமிர்ந்து நின்ற இடம் இந்த எண்ணெய்த் தரை ஒன்றுதான்.

"நான் உள்ள போறேன்."

"பைத்தியமாடி உனக்கு?"

"மூடியைப் பிடிச்சு இழுக்கிறது யாரா இருந்தாலும் இறங்கட்டும். இது நம்ம ஷெட்டு, அக்கா. நான் மூணு தட்டினாத் திற."

அக்கா அவளை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டாள்.

குச்சி உள்ளே படுத்துக்கொண்டாள். மூடி இறங்கியது. பூட்டு விழுந்தது. மழைச் சத்தம் தூரத்துக்குப் போய்விட்டது. டார்ச்சை அணைத்தாள், வெளிச்சம் எங்கே கசிகிறதென்று இருட்டில்தான் தெரியும். இடப்பக்கம் மயிரிழை அகலத்தில் ஒரு சாம்பல் கோடு. வலப்பக்கம் இன்னும் மெல்லியதாக ஒன்று. அந்த வாசனை காதருகில் இருந்தது. டிக்கி அகலமானது. ஆனாலும் அவளுக்குப் புரண்டு படுக்க இடம் போதவில்லை.

மயிரிழைதானே, நல்லாத்தான் உட்கார்ந்திருக்கு, என்று நினைத்துக்கொண்டாள். போதும். மூன்று முறை தட்டினாள்.

டக். டக். டக்.

அவள் கை நின்ற பிறகு, அவளுடைய தலைக்குப் பக்கத்தில், இன்னொரு தட்டு.

டக்.

வெளியே அக்கா தயங்கியது தெரிந்தது. பிறகு அடி. இடப்பக்கக் கோடு மெலிந்தது.

மூன்று தட்டினாள். அவசரமாக. அவள் முடிப்பதற்குள் மேலே விழுந்தன இரண்டு.

அடி. வலப்பக்கக் கோடு அணைந்தது.

"அக்கா, திற!"

ரப்பர் குரலை விழுங்கியது. நல்ல ரப்பர். அவளே தேர்ந்தெடுத்தது.

டக்.

அடி.

கோடு இல்லை.

முழு இருட்டு. குறையில்லாத வேலை. இதுவரை ஒரு டிக்கியும் இவ்வளவு கச்சிதமாக மூடியதில்லை.

மூச்சு. அவளுடையது.

மூச்சு. அவளுடையது அல்ல.

கண்ணை மூடினாள். திறந்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தது. அழவில்லை. அழுதால் அதற்குப் பிடிக்கும் என்று தோன்றியது. காத்திருந்தாள், தட்டு எங்கிருந்து வருகிறதென்று காதைத் தீட்டிக்கொண்டு.

டக்.

பாய்ந்து பிடித்தாள். கிடைத்தது. மணிக்கட்டு. ஒல்லி. ஈரமில்லை, குளிர்ச்சியில்லை. அவள் உடம்பின் சூடே அதற்கும்.

அது திமிறியது. அவள் விடவில்லை. இறுகிப்போன நட்டைப் பிடிக்கிற பிடி.

"இறங்கு," என்றாள். "இறங்குன்னு சொல்றேன்ல."

மறு கையால் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

அதன்பின் எதுவும் தட்டவில்லை.

சாவி திரும்பியது. மூடி தானாக, மெதுவாக, உயர்ந்து போய் நின்றது. ஆடாமல். அசையாமல்.

மங்கிய மழை வெளிச்சத்தில் அக்காவின் முகம். அவள் குச்சியைப் பார்த்தாள்; பிறகு குச்சியின் வலது கையைப் பார்த்தாள். அந்தக் கை பின்னால் நீண்டு, காற்றைப் பிடித்திருந்தது. விரல்கள் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவில் ஒரு மணிக்கட்டு அளவு இடைவெளி.

"அட, நின்னுடுச்சே," என்று எதிர் வாசலிலிருந்து குரல் வந்தது. அதில் கேலி இல்லை.

குச்சி கையை விடாமல் காலைத் தொங்கப்போட்டு, தரையில் இறங்கினாள். வண்டியின் பின்பக்கம் அரை விரல் உயர்ந்தது. அது அவளுடைய எடை.

அக்கா ஒரு அடி பின்வாங்கினாள்.

பட்டைகள் முனகின. ஒவ்வொன்றாக. நீண்ட முனகல். வண்டியின் பின்பக்கம் எழுந்தது. இன்னும் எழுந்தது. முன்பக்கத்துக்குச் சமமாக, புது வண்டிபோல நிமிர்ந்து நின்றது.

குச்சியின் பிடிக்குள் அந்த மணிக்கட்டு மெதுவாகத் திரும்பியது. நான்கு விரல்கள் அவள் கையைப் பற்றிக்கொண்டன.

அவளும் விடவில்லை.