கியூபின் கண்ணைக் கட்டியவள்

அப்பா சொன்னதில் ஒரே ஒரு சொல் மாறிப்போய்விட்டது. ஷாலின் பட்ட பாடு எல்லாம் அதனால் வந்ததுதான்.

இது 1991-ஆம் ஆண்டு, பொங்கல் முடிந்த கையோடு நடந்தது. ஷாலினின் அப்பா மரியஜோசப், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வெல்டர். அன்று ஷிப்ட் முடிந்து படப்பையில் இருக்கும் வீட்டுக்கு வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே செய்தியைச் சொன்னார்.

"ஷாலினு, கம்பெனியில ஆண்டு விழா வருது. வேலை செய்யறவங்க பசங்களுக்கெல்லாம் போட்டி வெச்சிருக்காங்க. உன் கியூபுக்குக்கூட ஒரு போட்டி கீது."

ஷாலின் ஐந்தாம் வகுப்பு. அவளுடைய சித்தப்பா பாரிமுனையில் வாங்கிவந்த கியூபு அது. ஆறு பக்கம், ஆறு நிறம். திருகினால் நிறமெல்லாம் கலந்துவிடும். மறுபடி சேர்ப்பதற்குள் பாதிப் பேருக்குக் கோபம் வந்துவிடும். ஷாலினுக்கு மட்டும் வராது.

"இன்னா போட்டிப்பா?"

"கண்ண மூடிக்கினு சேக்கணுமாம். அவங்க கொஞ்சம் திருகிக் குடுப்பாங்க. நீ நல்லாப் பாத்துக்கினு, அப்புறம் பாக்காம சரி பண்ணணும். சுத்துக்குச் சுத்து திருகல் கூடிக்கினே போகும்."

அன்றிலிருந்து வீட்டில் அதே வேலைதான். அம்மா அன்னபுஷ்பம் சப்பாத்தி மாவு பிசைந்த கையோடு கியூபைத் திருகிக் கொடுப்பார். ஷாலின் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அம்மா திருகியதையெல்லாம் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்ப்பாள்.

"சரியா வந்துடுச்சாம்மா?"

"இரு, மாவைத் துடைச்சிட்டுச் சொல்றேன். எல்லாப் பக்கமும் வெள்ளையாத் தெரியுது."

விழா ஞாயிற்றுக்கிழமை. அம்மா ஒரு மஞ்சள் துணிப்பையில் புளிசோற்று டப்பாவை வைத்துக் கொடுத்தனுப்பினார். அப்பாவும் மகளும் ஒரகடம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தார்கள்.

கம்பெனி கேன்டீனில் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர் முனிரத்தினம் சார். அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர். விழா என்றால் அவர்தான் எல்லாம்.

அவர் முன்னால் இருந்த மேசையில் ஒரு புதுக் கியூபு இருந்தது. பக்கத்தில் மடித்து வைத்த கறுப்புத் துணி ஒன்றும் இருந்தது.

ஷாலின் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, அந்தத் துணி எதுக்கு?"

"கண்ணக் கட்டத்தான்."

"கண்ண மூடிக்கினுன்னுதானே சொன்ன?"

"மூடுறதும் கட்டுறதும் ஒண்ணுதானேம்மா."

இரண்டும் ஒன்று இல்லை. அது ஷாலினுக்குத்தான் தெரியும்.

போன வருஷம் கோடை விடுமுறையில் மணிமங்கலத்தில் மாமா வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கே பிள்ளைகள் எல்லாரும் தோப்பில் கண்ணாமூச்சி ஆடினார்கள். ஷாலின் கண்ணில் ஈரத்துண்டை இறுக்கிக் கட்டினார்கள். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். ஈரத்தில் இறுகிப்போன முடிச்சை அவளால் அவிழ்க்க முடியவில்லை. கையை நீட்டினால் மரம் இடித்தது. காலை எடுத்து வைக்கப் பயமாக இருந்தது. மாடு ஓட்டிக்கொண்டு அந்த வழியாக வந்த ஓர் அம்மாதான் முடிச்சை அவிழ்த்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால், மற்ற பிள்ளைகள் சூடாகச் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதனால் ஷாலின் அந்தப் பயத்தைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்பாவிடம்கூட.

"முதல்ல படப்பை ஷாலின்" என்று மைக்கில் கூப்பிட்டார்கள்.

முனிரத்தினம் சார் கியூபை மூன்று முறை திருகிக் கொடுத்தார். ஷாலின் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டாள். பின்னாலிருந்து துணி வந்து கண்ணை மூடியது. தலைக்குப் பின்னால் முடிச்சு இறுகியது.

உடனே மூச்சு முட்டியது. தோப்பும் மழையும் வந்து அவளைச் சுற்றி நின்றுகொண்டன. விரல்கள் விறைத்துப்போயின. ஆனாலும் மூன்றே திருகல்தான். எப்படியோ திருப்பிவிட்டு, சார் சொல்வதற்கு முன்பே துணியைப் பிடித்து இழுத்துக் கழற்றினாள்.

"பொண்ணுக்கு அவசரத்தைப் பாரு" என்றார் சார். கூட்டம் சிரித்தது. "ஆனா சரியாத்தான் சேத்திருக்கு. அடுத்த சுத்துக்கு வாம்மா."

ஷாலின் வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த சுற்றில் இன்னும் அதிக நேரம் அந்தத் துணிக்குள் இருக்க வேண்டும். "வயித்து வலி, வூட்டுக்குப் போலாம்" என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தாள்.

அதற்குள் மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்வந்தார்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் பிரசன்னா, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சேர்த்துவிட்டு வந்தான். அவனுக்குத் துணி ஒரு பொருட்டே இல்லை.

"பிள்ளைப்பாக்கம் பகலவன்" என்றார் சார்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். பெரிய அண்ணனுடைய சட்டையைப் போட்டிருந்தான் போல, கை முழங்கைக்குக் கீழே தொங்கியது. கியூபை வாங்கி நன்றாகப் பார்த்தான். தலையை ஆட்டினான். துணி கிட்டே வந்ததும் சட்டென்று பின்னால் நகர்ந்தான்.

"வேணாம் சார்."

"ஒண்ணும் ஆகாதுப்பா. நில்லு."

மறுபடி துணி வந்தது. அவன் குனிந்து தப்பித்தான். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது.

"டேய், உள்ள பேய் எதுவும் இல்லடா" என்றான் பிரசன்னா.

பையனின் அம்மா சந்திரம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தார். "இருட்டுன்னா அவனுக்கு ஆகாது சார். வூட்ல லைட்டு போட்டாத்தான் தூங்குவான்."

அவர் நல்லதற்குத்தான் சொன்னார். ஆனால் சிரிப்பு இரண்டு பங்காயிற்று. பகலவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி, பரவால்ல. நீ போய் உக்காருப்பா" என்றார் சார்.

பகலவன் கியூபை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான். ஷாலின் அவன் கையைப் பார்த்தாள். வெறும் விரல்கள் காற்றில் திருகிக்கொண்டிருந்தன. வலது பக்கம் கீழே, மேல் அடுக்கு இந்தப் பக்கம், மறுபடி வலது.

சரியாகத்தான் திருகுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. இந்தப் பையனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. துணிதான் குறுக்கே நிற்கிறது.

பேசாமல் இருந்திருந்தால் போட்டியில் ஓர் ஆள் குறைந்திருக்கும். ஷாலினுக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனால் சிரிப்புக்கு நடுவில் நடந்துவருவது எப்படி இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். மடியில் இருந்த பையின் காதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

ஷாலின் எழுந்து நின்றாள்.

"சார், ஒரு சந்தேகம். அவன் கியூபைப் பாக்கக் கூடாது. அவ்ளோதானே சார்?"

"ஆமாம்மா. அதுக்குத்தானே துணி."

"அப்ப அவன் கண்ண எதுக்கு சார் கட்டணும்? கியூபோட கண்ணக் கட்டிடலாமே."

சாருக்குப் புரியவில்லை. ஷாலின் புளிசோற்று டப்பாவை எடுத்து அப்பா மடியில் வைத்தாள். காலிப் பையோடு மேசைக்குப் போனாள். கியூபை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இப்படிப் புடிச்சுக்கினு இருக்கப்ப, கீழேருந்து பையை மேல இழுத்து வுட்டுடுங்க சார். கையும் கியூபும் உள்ள போயிடும். கண்ணு வெளிய இருக்கும்."

சார் பையை இழுத்துவிட்டார். கூட்டத்தில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

பிரசன்னா எழுந்து கிட்டே வந்து குனிந்தான். "சார், பை மெல்லிசா கீது. டியூப்லைட்டு வெளிச்சத்துல செவப்பு தெரியுது பாருங்க."

உண்மைதான். லேசாகத் தெரிந்தது. ஷாலின் மேசையில் கிடந்த கறுப்புத் துணியைத் தாடையால் காட்டினாள்.

"அதைப் பை மேல சுத்திடுங்க சார்."

கண்ணைக் கட்ட வந்த துணி பையைக் கட்டியது. பிரசன்னா இந்தப் பக்கம் குனிந்தான், அந்தப் பக்கம் குனிந்தான். "இப்பத் தெரியல சார்" என்று ஒத்துக்கொண்டான்.

முனிரத்தினம் சாருக்கு ஆசை வந்துவிட்டது. கியூபை வாங்கி ஒரே ஒரு திருகு திருகினார். பைக்குள் கையை விட்டு வெகுநேரம் முயன்றார். வெளியே எடுத்தால், முன்பைவிட மோசமாகக் கலைந்திருந்தது. கைதட்டல் கூரையைத் தொட்டது.

"இது ஒண்ணும் சுலபம் இல்லப்பா" என்றார் அவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "சரி. துணி வேணும்னா துணி. பை வேணும்னா பை. யாருக்கு எது வேணுமோ சொல்லுங்க. பகலவா, நீ வா. உனக்கு முதல்லேருந்து."

"எனக்குத் துணியே போதும். இருட்டா இருந்தாத்தான் எனக்கு ஞாபகம் இருக்கும்" என்றான் பிரசன்னா.

"உனக்கும் துணிதானேம்மா? நீதான் ஏற்கெனவே கட்டிக்கினு சேத்துட்டியே" என்றார் சார் ஷாலினிடம்.

கேன்டீன் முழுவதும் அவளைப் பார்ப்பதுபோல் இருந்தது. 'ஆமாம் சார்' என்று சொன்னால் யாருக்கும் எதுவும் தெரியாது.

"எனக்கும் பைதான் சார். கண்ணக் கட்டினப்ப ரொம்பப் பயமா இருந்துச்சு."

பின்வரிசையில் யாரோ ஒருவர் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்புக்குத் துணைக்கு ஆள் வரவில்லை. அதற்கு முன்பே பச்சைப் பாவாடை போட்ட ஒரு பெண் கையைத் தூக்கிவிட்டாள்.

"எனக்கும் பை சார்."

அவளுக்குப் பக்கத்தில் இருந்த பையன், "எனக்கும்" என்றான்.

ஷாலின் நீளமாக மூச்சு விட்டாள். மணிமங்கலத்துத் தோப்பிலிருந்து அப்போதுதான் வெளியே வந்ததுபோல் இருந்தது.

பகலவன் பைக்குள் கையை விட்டான். கண்ணை மேலே தூக்கி, சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தான். நாக்கு ஓரமாக வெளியே வந்தது. பைக்குள் கடகடவென்று சத்தம் கேட்டது.

"முடிச்சிட்டேன் சார்."

கியூபு வெளியே வந்தது. எல்லாப் பக்கமும் சரியாக இருந்தது. சந்திரம்மாள் பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் யாரென்று சந்திரம்மாளுக்கே தெரியாது.

"எப்படிடா இருந்துச்சு?" என்று ஷாலின் கேட்டாள்.

"நல்லா இருந்துச்சுக்கா. ஆனா கியூபு புளிசோறு வாசனை அடிக்குது."

அடுத்தடுத்த சுற்றுகளில் திருகல் கூடக்கூட ஆட்கள் குறைந்தார்கள். கடைசிச் சுற்றில் மூன்றே பேர். ஷாலினுக்கு நடுவில் ஒரு திருகல் மறந்துபோயிற்று. அவள் கியூபில் சிவப்பும் பச்சையும் இடம் மாறி நின்றன. பகலவனுக்கு எல்லாம் சரியாக வந்து, கடைசித் திருகலில் மட்டும் பக்கம் தவறிவிட்டது. பிரசன்னா கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே முழுவதையும் சேர்த்தான்.

பிரசன்னாவுக்கு முதல் பரிசு. பகலவனுக்கு இரண்டாவது. ஷாலினுக்கு மூன்றாவது. மூன்று பேருக்கும் ஜாமெட்ரி பாக்ஸ்தான். அளவு மட்டும்தான் வேறு.

பரிசை வாங்கிக்கொண்டு வந்ததும் பிரசன்னா பகலவன் பக்கம் திரும்பினான்.

"பேயின்னு சொன்னேனே, அது தப்புடா. இந்தா, என் பாக்ஸுல காம்பஸ் ரெண்டு கீது. ஒண்ணு நீ வெச்சுக்க."

பகலவன் வாங்கிக்கொண்டான். அவனுக்குக் காம்பஸ் எதற்கென்று இன்னும் தெரியாது. அதனால் என்ன, பளபளவென்று இருந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரமாக ஷாலின் உட்கார்ந்தாள். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் வயற்காற்று வீசியது.

"தோப்புல நடந்ததை ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று அப்பா கேட்டார். கேன்டீனில் சாப்பிடும்போது அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"நீயும் சிரிப்பன்னு நெனைச்சேன்."

அப்பா தாடையைத் தடவிக்கொண்டார்.

"நான் வேலைக்குச் சேந்த மொத நாளு, வெல்டிங் முகமூடிய மாட்டுன்னாங்க. மாட்டினேன். உள்ள ஒரே கும்மிருட்டு. மூச்சு முட்டிப்போச்சு. கழட்டிப் போட்டுட்டு வெளிய ஓடியாந்துட்டேன். கேட்டு வரைக்கும்."

ஷாலின் ஜன்னலை விட்டுத் திரும்பினாள். "நீயாப்பா?"

"நான்தான். வாட்ச்மேன் இன்னான்னு கேட்டாரு. பயமா கீதுன்னு எப்படிச் சொல்றது? அம்மா வரச் சொன்னாங்க, அதான் போறேன்னு சொல்லிட்டேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"'தம்பி, உங்க அம்மாதான் அங்க நிக்கிறாங்களே'ன்னாரு. பாத்தா, மறந்துட்டு வந்த டிபன் பாக்ஸைத் தூக்கிக்கினு எங்கம்மா கேட்டாண்ட நிக்குது. அது மொறைச்ச மொறைப்புல நேரா உள்ள போயி முகமூடிய மாட்டிக்கினேன்."

ஷாலினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரிப்பதைப் பார்த்து அப்பாவும் சிரித்தார். முன்சீட்டில் இருந்தவர், விஷயம் என்னவென்று தெரியாமலேயே திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் படப்பை ஸ்டாப்பிங் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அப்பாவும் மகளும் அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கி, வந்த வழியே பேசிக்கொண்டே திரும்பி நடந்தார்கள்.