வெள்ளிமடையில் ஒருத்தியாக இறக்கிய படகு

“ஏல கஸ்பார், பாய்மரத்த நிமித்தி முடிச்சிர்றேன். அரை மணி நேரம் பொறுக்க மாட்டியா?”

“நீ கயிறு கட்டி முடிக்கதுக்குள்ள நான் பெட்டியோட திரும்பி வந்துருவேன், எக்கா!”

சொன்னவன் கரையில் கிடந்த பரிசலில் தாவி ஏறிவிட்டான். பெரிய வீரன்! அக்கா பிலோமி தலையில் அடித்துக்கொண்டாள்.

வெள்ளிமடை அணை பல வருடங்களுக்குப் பிறகு வற்றியிருந்தது. அரைக் கிலோமீட்டர் தள்ளி, நீர் நடுவே, மூழ்கிக் கிடந்த ஜமீன் மண்டபம் வெளியே தெரிந்தது. அதன் மூன்றாம் தூணுக்கு அடியில் ஒரு வெண்கலப் பெட்டி இருப்பதாக ஒரு பழைய வரைபடம் சொன்னது. அதை நம்பித்தான் அக்காவும் தம்பியும் தூத்துக்குடியிலிருந்து ஜீப்பில் வந்திருந்தார்கள். ஜீப்புக்குப் பின்னால் டிரெய்லரில் பதினைந்தடி பாய்ப்படகு.

பிலோமி பாய்மரத்தை நிமிர்த்தி முடித்தபோது பரிசல் திரும்பி வந்தது. வெறும் பரிசல்! காற்று அதைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. அடிப்பக்கம் பாறையில் கிழிந்து பாதி மூழ்கியிருந்தது.

அவள் பைனாகுலரை எடுத்தாள். மண்டபத்துத் தரையில் கஸ்பார் உட்கார்ந்திருந்தான். சிவப்புத் துண்டை ஆட்டினான். எழுந்திருக்கவில்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே கோணலாகக் கிடந்தது. ஐயோ, ஒடிந்துவிட்டது!

பின்னால் ஒரு மொபெட் சத்தம். அணைக் காவல் பார்க்கும் லஸ்கர் ஆவுடையப்பன் மூச்சிரைக்க வந்து நின்றார்.

“ஏம்மா, இங்க என்ன பண்ணுதீய? மலையில பேய் மழை! மேலணையில மூணு மதகையும் தெறந்துட்டாங்க. இன்னும் ரெண்டு மணி நேரத்துல அந்த மண்டபம் இருக்காது!”

“அண்ணாச்சி, என் தம்பி அங்கதான் இருக்கான்! கால் ஒடிஞ்சு கெடக்கான்!”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “இங்க போனும் எடுக்காது. நான் போயி தீயணைப்புக்குச் சொல்லுதேன். ஆனா அவங்க வர சாயங்காலம் ஆயிரும் தாயி.” மொபெட் பறந்தது.

சாயங்காலமா! அதுவரை கஸ்பார் எங்கே இருப்பான்? நீந்திப் போகலாம். கால் ஒடிந்தவனை இழுத்துக்கொண்டு அந்த வெள்ளத்தில் திரும்ப முடியுமா? முடியாது. படகுதான் வேண்டும். படகை இறக்கத் துறை இல்லை, சரிவுப் பாதை இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லை.

ஜீப்பைப் பின்னால் விட்டாள். சேறு! நான்கு சக்கரமும் சுற்றின, ஜீப் வயிறு வரை இறங்கியது. சரி, போகட்டும் ஜீப்! டிரெய்லரைக் கழற்றித் தள்ளினாள். சரிவில் பத்தடி உருண்டது. அப்புறம் அதுவும் புதைந்தது. தண்ணீருக்கு இன்னும் நாற்பதடி. தோளைக் கொடுத்து முட்டினாள். பலகையை வைத்து நெம்பினாள். அது ஒரு அங்குலம்கூட அசையவில்லை.

உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. பிலோமி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

“மாதாவே, என்னால முடியலையே!”

வாய்விட்டு அழுதாள். அம்மாவிடம் என்ன சொல்வாள்? பாய்மரத்தை அப்புறம் பார்க்கலாம் என்று அவனோடு போயிருக்கலாமே! பைனாகுலரில் பார்க்கவும் தைரியம் இல்லை. எவ்வளவு நேரம் அழுதாளோ, அவளுக்கே தெரியாது.

கால் நனைந்தது.

குனிந்து பார்த்தாள். தண்ணீர்! நாற்பதடி தூரத்தில் இருந்த தண்ணீர் அவள் காலடிக்கு வந்துவிட்டது. தம்பியை மூழ்கடிக்கிற அதே தண்ணீர் டிரெய்லர் சக்கரத்தைச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தது.

பிலோமி எழுந்தாள். படகு தானே மிதக்கும்! ஆனால் மிதந்த உடனே காற்று அதைக் கரைக்கல்லில் மோதி உடைத்துவிடுமே? பிடிக்க ஆள் வேண்டுமே?

நங்கூரம்!

நீண்ட கயிற்றின் ஒரு முனையைப் படகின் பின்பக்கம் கட்டினாள். மறுமுனையில் நங்கூரம். அதை இருபது லிட்டர் காலித் தண்ணீர் கேனில் தொங்கவிட்டு, கேனைத் தள்ளிக்கொண்டே நீந்தினாள். கயிறு தீர்ந்த இடத்தில் நங்கூரத்தை அவிழ்த்துவிட்டாள். இழுத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது! சனியன்! மறுபடியும் தூக்கி, கேனில் மாட்டி, வேறு இடத்தில் போட்டாள். இந்தத் தடவை கடித்துக்கொண்டது.

படகில் ஏறி உட்கார்ந்து காத்திருந்தாள். தண்ணீர் அச்சுக்கு வந்தது, படகின் பாதிக்கு வந்தது. படகு எழவில்லை! பின்பக்கம் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே கொட்ட ஆரம்பித்தது. இனி மிதக்காதா? இதுவும் போச்சா?

அட மடச்சி! பட்டை! சாலையில் வரும்போது படகை டிரெய்லரோடு சேர்த்துக் கட்டிய பின் பட்டையை அவிழ்க்கவே இல்லை! வேறு யாராவது இப்படி விட்டிருந்தால் ஒரு நாள் முழுக்கத் திட்டியிருப்பாள். கத்தியோடு தண்ணீரில் முங்கி, கண் தெரியாமல் தடவித் தடவி அறுத்தாள். டப்பென்று அறுந்தது. படகு துள்ளி எழுந்து ஆடியது.

காற்று கரைக்குத் தள்ளியது, நங்கூரம் விடவில்லை. தொற்றி ஏறி, கயிற்றைப் பிடித்துக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்து, படகை ஆழத்துக்குக் கொண்டுபோனாள். கயிற்றைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு மாற்றிக் கட்டினாள். படகு திரும்பி, காற்றுக்கு முகம் காட்டி நின்றது. பக்கவாட்டில் ஒதுங்காமல் இருக்க நடுப்பலகையைக் கீழே இறக்கினாள், பாயை ஏற்றினாள், கயிற்றை அறுத்துவிட்டாள். போ!

எதிர்க்காற்று. நேரே போக முடியாது. இடம் போய், வலம் திரும்பி, மறுபடி இடம். ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னேறிய தூரத்தில் பாதியை வெள்ளம் பிடுங்கிக்கொண்டது. உள்ளே முழங்கால் தண்ணீர்; ஒரு கையால் இறைத்தாள். கரை அதே இடத்தில் நிற்பதுபோல் இருந்தது. “கஸ்பார்! ஏல கஸ்பார்!” என்று கத்தினாள். காற்று சத்தத்தைத் திருப்பி அவள் முகத்திலேயே அடித்தது.

மண்டபம் நெருங்கியது. கூரையும் தூண்களின் மேல்பாதியும்தான் மிச்சம். ஆளைக் காணோம்.

சிவப்புத் துண்டு மட்டும் மிதந்து அவள் படகைத் தாண்டிப் போனது.

பிலோமிக்குச் சுக்கானை விட்டுவிடலாம் போலிருந்தது. எதற்காக இனிமேல்? அப்போது மூன்றாம் தூணைச் சுற்றி ஒரு கை தெரிந்தது. தூணுக்குப் பின்னால் கழுத்தளவு நீரில், ஒற்றைக் காலில், கஸ்பார்!

படகைக் காற்றுக்குத் திருப்பி, தூணில் கயிற்றை வீசிச் சுற்றினாள். அக்குளில் கை கொடுத்து அவனை இழுத்தாள். அவன் அலறிக்கொண்டே உள்ளே விழுந்தான். திரும்பும்போது காற்று பின்னால் இருந்தது. பத்தே நிமிடம்!

கரையில் ஆவுடையப்பனும், அப்போதுதான் வந்து சேர்ந்த தீயணைப்பு வீரர்களும் இடுப்பளவு நீரில் இறங்கிப் படகைப் பிடித்தார்கள். “வந்துட்டா! வந்துட்டா!” என்று லஸ்கர் குதித்தார். ஜீப்பின் கூரை மட்டும் வெளியே தெரிந்தது.

“தம்பி, பெட்டி கெடச்சுதா?” என்று ஒரு வீரர் கேட்டார்.

“பெட்டியா? கால் வைக்கும்போதே வழுக்கிட்டுண்ணே. தோண்டவே இல்ல.” கஸ்பாருக்குப் பல் தந்தியடித்தது. அவன் பிலோமியின் கையைப் பிடித்தான். “எக்கா, அங்கருந்து எல்லாம் தெரிஞ்சுது. ஜீப்பு மாட்டுனது, டிரெய்லர் மாட்டுனது. பொறவு நீ சேத்துல உக்காந்த. நீ அப்படி உக்காந்து நான் பாத்ததே இல்ல. அவ்வளவுதான்னு தூண விட்டுட்டேன்.”

பிலோமி சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். “விட்டுட்டியா?”

“ஆமா. தண்ணி அப்ப இடுப்புலதான். இழுத்துட்டுப் போகட்டும்னு கண்ண மூடப் போனேன்.”

“பொறவு?”

“நீ எந்திரிச்ச. நானும் எந்திரிச்சு நின்னேன்.”